மின்தடையிலும் காற்றூட்டம் நிற்காதிருக்கக் கோரும் மனு

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்

அனுப்புநர்:
ஆற்றின் கீழ்ப்புறக் கரையோர மக்கள்

பொருள்: கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோயர்களை ஜெனரேட்டரில் இணைத்தல், உபரிக் கசடை நாள்தோறும் அகற்றுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். சுத்திகரிப்பு நிலையத்தில் மின்சாரம் போனால் ஜெனரேட்டரில் ஓடுபவை உள்வரும் நீரை ஏற்றும் பம்புகளும் விளக்குகளும்தான். புளோயர்கள் நின்றுவிடுகின்றன. கழிவுநீர் தொட்டிக்கு வந்துகொண்டே இருக்கிறது. அதைச் செரிக்க வேண்டிய நுண்ணுயிர்களுக்கு மட்டும் காற்று இல்லை.

வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் செரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) பொதுவாக லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். ஆற்று நீரோ 30 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். அது 4-க்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறும். கழிவைச் செரிக்கத் தேவைப்படும் ஆக்சிஜனை ஆறு இழக்காமல், தொட்டியிலேயே ஊட்டிவிடத்தான் இந்த நிலையம் இருக்கிறது. அதற்குக் காற்றூட்டத் தொட்டியில் கரைந்த ஆக்சிஜன் 2 மில்லிகிராம் அளவில் நிற்க வேண்டும்.

அம்மோனியா இன்னும் பெரிய கவலை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற ஏறக்குறைய 4.6 மில்லிகிராம் ஆக்சிஜன் செலவாகும். அதை மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகும்; ஒருமுறை அவை அழிந்தால் மீண்டும் நிலைகொள்ள வாரங்கள் ஆகலாம். பி.ஓ.டி. அளவு சில நாட்களில் சரியானாலும் அம்மோனியா ஆற்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஆற்று நீரின் பி.எச். கூடும்போது, அதாவது நீர் காரமாகும்போது, அதுவே மீனின் செவுள்களுக்கு நஞ்சாகிறது.

புளோயர்களை ஜெனரேட்டரில் சேர்க்காததற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். நேரடியாக ஸ்டார்ட் செய்யும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போல ஆறு மடங்கு வரை மின்னோட்டம் இழுக்கும்; ஜெனரேட்டர் ட்ரிப் ஆகும். மோட்டாரை மெதுவாகத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் பொருத்தி, புளோயர்களை ஒன்றன்பின் ஒன்றாக இயக்கினால் இதைத் தவிர்க்கலாம். ஒரு புளோயராவது உடனே ஜெனரேட்டரில் ஓட வழி செய்யுமாறு கேட்கிறோம். நிலையத்தின் மின்செலவில் பெரும்பங்கு காற்றூட்டத்துக்கே போவதால், இரவில் அதை நிறுத்தி வைக்கும் ஆசை எங்கும் எழக்கூடும். ஆகவே ஆக்சிஜன் மீட்டரின் அளவுகள் இடைவிடாமல் பதிவாக வேண்டும்.

அடுத்தது கசடு, அதாவது தொட்டியில் பெருகும் நுண்ணுயிர்த் திரள். கசடிலிருந்து நீரைப் பிழியும் இயந்திரம் பழுதானால் உபரிக் கசடை வெளியேற்ற முடியாமல் தொட்டியிலேயே விட்டுவைக்கிறார்கள். கசடு அடியில் படிந்து நீர் தெளிய வேண்டிய தெளிவுத் தொட்டியில் அது தேங்கினால் நைட்ரஜன் குமிழிகள் உருவாகி, கசடுக் கட்டிகளை மேலே தூக்கிவிடும். பெருமழை வந்தால் கசடு விளிம்பைத் தாண்டி ஆற்றில் விழும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு லிட்டர் அளவு ஜாடி போதும். காற்றூட்டத் தொட்டி நீரை அதில் 30 நிமிடம் அசையாமல் வைக்க வேண்டும். லிட்டருக்கு 3 கிராம் திடப்பொருள் உள்ள நீரில் கசடு 600 மில்லிலிட்டருக்கு நின்றால் படிவுக் குறியீடு (ஒரு கிராம் திடப்பொருள் படிந்தபின் பிடிக்கும் மில்லிலிட்டர் இடம்) 200. 150-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். இந்தச் சோதனையை ஒவ்வொரு ஷிப்டிலும் செய்து லாக் புத்தகத்தில் எழுதவும், பிழியும் இயந்திரத்துக்கு மாற்று ஏற்பாடு வைக்கவும் உத்தரவிடுங்கள். கசடு கலந்த நீரில் குளோரின் விட்டும் பயனில்லை: துகள்களுக்குள் இருக்கும் கிருமிகளை அது எட்டாது.

ஆற்று நீர் மாதிரியை வெளியேற்றும் குழாயருகே மட்டும் எடுப்பது போதாது. ஆக்சிஜன் மிகவும் குறைவது அங்கல்ல, நீரோட்டத்தில் இன்னும் கீழே. அங்கும், விடியற்காலையில், மாதிரி எடுத்து முடிவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கரையோர மக்கள்