என்னை நர்ஸாக நிமிர வைத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மாதத்திலிருந்து எங்கள் வார்டுக்கு நான் இன்சார்ஜ். வாழ்த்திய எல்லோருக்கும் நன்றி. ஆனால் இந்த மடல் முக்கியமாக, நர்ஸ் வேலையே வேண்டாம் என்று நான் வெறுத்துப்போயிருந்த காலத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட சிலருக்கு.

முதலில் என் நர்ஸிங் ஸ்கூல் மேடம். நான் சேர்ந்த முதல் ஆஸ்பத்திரியில் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சம்பளம் பற்றிப் பேச வாயெடுத்தால் அதைச் சொல்லியே அடக்குவார்கள். மேடம் நேரில் வந்து மேனேஜர் எதிரே உட்கார்ந்தார். "நர்ஸிங் கவுன்சில்ல பதிவு பண்ண நர்ஸ் இவ. இவ சர்டிபிகேட் இவ கையிலதான் இருக்கணும்" என்றார். வாங்கித் தந்த பிறகுதான் எழுந்தார். நர்ஸ்களுக்கென்று பதிவுச் சட்டம் இங்கே 1926லேயே வந்துவிட்டது என்பதையும், நாம் யாருடைய தயவிலும் வேலை பார்க்கவில்லை என்பதையும் திரும்பி வரும் பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அடுத்து, வண்ணாரப்பேட்டையில் எனக்கு வேலை பழக்கிய சீனியர் அக்கா. மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணாமல் சார்ட்டில் எழுதவே விடமாட்டார். பல இடங்களில் எல்லா நோயாளிக்கும் 20 என்று போட்டுவிடுவது வழக்கம். அக்காவிடம் அது நடக்காது.

அதன் மதிப்பு ஒரு நைட் டூட்டியில் தெரிந்தது. காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் சிறுநீர்த் தொற்றோடு அட்மிட் ஆகியிருந்தார். பிரஷர் 110/70, காய்ச்சலும் இறங்கியிருந்தது. பார்த்தால் நன்றாகத் தூங்குகிற மாதிரிதான் இருந்தது. எண்ணிப் பார்த்தேன், மூச்சு 28. யூரின் பையில் நான்கு மணி நேரத்தில் சேர்ந்தது 60 மில்லிகூட இல்லை. பெயர் சொல்லி எழுப்பினால் பேச்சு குழறியது. பிரஷர் விழுவதற்கு முன்பே மூச்சு வேகம் கூடிவிடும் என்று அக்கா சொன்னது நினைவுக்கு வந்தது. டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டேன். தூக்கத்திலிருந்து எழுந்து வந்தவர் சலித்துக்கொள்ளவில்லை. "நீங்க என்ன நினைக்கிறீங்க சிஸ்டர்?" என்று கேட்டார்.

அதுவரை எந்த டாக்டரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. "செப்சிஸா இருக்கும்னு தோணுது சார்" என்றேன். தொற்று முற்றி உடம்பின் உறுப்புகளையே பாதிக்கும் ஆபத்தான நிலை அது. உடனே பிளட் கல்ச்சர், ஆன்டிபயாட்டிக் மாற்றம், சலைன், ஐசியு என்று வேலை நடந்தது. அந்த அம்மா பிழைத்தார். ஸ்டாஃப் நர்ஸ் கவனித்துச் சொன்னதாக டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதிவைத்திருந்தார். டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மாவின் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டாள். டாக்டருக்கும் அவளுக்கும் என்றும் நன்றி.

2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் அரசு மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடிய ஒப்பந்த நர்ஸ்களுக்கும் நன்றி. 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்கள் அவர்கள். அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. ஆனால் சேவை என்றால் கூலி கேட்கக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்த பேச்சை அவர்கள் ஏற்கவில்லை. தனியார் ஆஸ்பத்திரியில் இருந்த எனக்கும் சம்பளம் கேட்கும் துணிச்சல் அதைப் பார்த்துத்தான் வந்தது.

தண்டையார்பேட்டை வீட்டுக்கார அம்மாவை மறக்க முடியுமா! 2020 மே மாதம், சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனா அதிகம். கைதட்டியவர்களே நர்ஸ்களை வீட்டைக் காலி பண்ணச் சொன்ன நேரம் அது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அவர், "அந்தப் பொண்ணு போனா, நமக்கு ஒண்ணுன்னா யாரு பாப்பா?" என்று கேட்டுவிட்டு, எனக்கு வெந்நீர் போட்டு வைப்பார்.

நைட் டூட்டி முடிந்து பகலில் நான் தூங்கும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவைக்கும் என் மாமியாருக்கும் நன்றி. அத்தை, நீங்கள் இல்லாமல் இத்தனை வருஷம் ஓடியிருக்காது.

அப்புறம், புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளுக்கு ஒரு செய்தி. திங்கட்கிழமை முதல் காலை ரவுண்ட்ஸில் உங்கள் நோயாளியைப் பற்றி நீங்கள்தான் டாக்டரிடம் சொல்லப்போகிறீர்கள். நான் பக்கத்தில் நிற்பேன். டாக்டரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார். அதற்கும் அவருக்கு நன்றி.