ஆறாவது தோட்டாவை அளந்து பார்

அன்புள்ள கயல்,

நேற்று தொலைபேசியில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. துப்பாக்கி என்று காதில் விழுந்தாலே அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறாள். அலாஸ்காவின் அட்மிரால்ட்டித் தீவு ஓடைகளில் சால்மன் மீனை எண்ணிக்கொண்டு நடப்பவளுக்கு, கரடியை விரட்டும் மிளகுத் தெளிப்பானும், அது கைகொடுக்காதபோது ஒரு .44 மேக்னம் ரிவால்வரும் வேண்டும் என்பதை அவளுக்கு நீயே புரியவை. நான் தோட்டாவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நீயே நிரப்பிய தோட்டாக்களில் நான்கைச் சுட்டதும் சிலிண்டர் சுழலாமல் நின்றது, திறந்தால் ஒரு தோட்டாவில் குண்டு முன்னே துருத்திக்கொண்டிருந்தது என்றாய். வெடிமருந்து கூடிவிட்டதோ என்று பயப்படாதே, கோளாறு பிடிமானத்தில். துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது சிலிண்டர், தன் முறைக்குக் காத்திருக்கும் தோட்டாக்களின் அடிவிளிம்பைப் பற்றித் தன்னோடு இழுக்கிறது. பித்தளைக் கூடு போய்விடுகிறது. கனமான குண்டு இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. பிழையான தோட்டாவைப் பிரிக்க நீ வாங்கி வைத்திருக்கிறாயே, குண்டு கழற்றும் சுத்தியல், அதுவும் இதைத்தான் செய்கிறது. தூக்கிச் சுமக்க வசதி என்று எடை குறைந்த ரிவால்வரை வாங்கினாய். உதை கடுமையாக இருப்பது அதற்கான விலை.

“கூட்டின் வாயை மடக்கும் டையை இன்னும் அரைச்சுற்று இறக்கிவிடுகிறேன்” என்றாய். இறக்காதே. கூட்டின் வாய் குண்டைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மடிந்து உட்கார்ந்த பிறகு அதற்குப் போக வேறு இடம் இல்லை. மேலும் அழுத்தினால் வாய்க்குச் சற்றுக் கீழே பித்தளை புடைக்கும். புடைத்த இடத்தில் சுவர் குண்டை விட்டு விலகும். இறுக்குவதாக நினைத்துத் தளர்த்தியிருப்பாய். அந்தத் தோட்டா சிலிண்டருக்குள் நுழையவும் மறுக்கும்.

குண்டைப் பிடித்து வைத்திருப்பது முதலில் கூட்டின் சுவர். க்ரிம்ப், அதாவது வாயின் மடிப்பு, அதற்குத் துணை. பொற்கொல்லர் கல்லை அதன் குழிக்குள் அசையாமல் உட்காரவைத்த பிறகுதான் விளிம்பை மடக்குவார், இல்லையா? எனவே வாயை விரிக்கும் கம்பியை முதலில் அளந்து பார். உன் குண்டு 0.430 அங்குலம். கம்பி அதைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்காவது மெலிந்திருக்க வேண்டும். மடக்குவதற்கு முன் குண்டின் மூக்கை மேசை விளிம்பில் வைத்து அழுத்து. உள்ளே இறங்கினால், அந்தத் தோட்டாவை எந்த க்ரிம்பும் காப்பாற்றாது.

அடுத்தது கூட்டின் நீளம். 1.285 அங்குலம் உச்ச வரம்பு, எல்லாவற்றையும் 1.275க்கு வெட்டிவிடு. நீளம் ஒன்றுக்கொன்று மாறினால், ஒரே டையில் குட்டைக்கூடு பேருக்கு மடியும், நெட்டைக்கூடு நசுங்கும். இந்த வேலை அலுப்பூட்டும் என்று எல்லோரும் இதைத்தான் முதலில் கைவிடுகிறார்கள்.

குண்டை உட்காரவைப்பதையும் மடக்குவதையும் ஒரே இழுப்பில் செய்யாதே. குண்டு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போது வாய் மடியத் தொடங்கினால் ஈயத்தைச் சீவிவிடும். வாயோரம் பளபளவென்று ஒரு சுருள் ஒட்டியிருக்கும், பார்த்தாலே தெரியும். டையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, வாய் உள்நோக்கி உருண்டு பள்ளத்தின் சரிவில் படிந்ததும் நிறுத்து. உன்னுடையது எல்மர் கீத் வடிவமைத்த லைமன் 429421 அச்சில் வார்த்த குண்டு. 1955இல் இந்த .44 மேக்னம் தோட்டா பிறக்கக் காரணமானவர்களில் அவரும் ஒருவர். ஆழமான அந்தப் பள்ளத்தைக் காரணமில்லாமல் வைக்கவில்லை. ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் வைத்திருக்கும் உன் தோழியிடம் இதற்கு யோசனை கேட்காதே. அவளுடைய தோட்டா துப்பாக்கிக்குள் கூட்டின் வாய்விளிம்பில் ஊன்றி நிற்பது, அதை உருட்டி மடக்கக் கூடாது. உன்னுடையது அடிவிளிம்பில் நிற்கிறது, அதனால்தான் உனக்கு இந்தச் சுதந்திரம்.

நீ போடுவது மெதுவாக எரியும் மருந்து. குண்டு சற்றே அடம்பிடித்துக் கிளம்பினால்தான் அது சீராகப் பற்றும். அதனால் க்ரிம்ப் உறுதியாகத்தான் இருக்க வேண்டும்; புடைக்கும் அளவுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

பிறகு ஆறு தோட்டா போடு. ஒன்றின் அடியில் மார்க்கரால் கோடிட்டு, நீளத்தைக் காலிப்பரில் அளந்து எழுதிக்கொள். மற்ற ஐந்தையும் சுட்டுவிட்டு அதைத் திரும்ப அள. வாய்விளிம்பு பள்ளத்திலிருந்து விலகியிருந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் சுத்தியலுக்குக் கொடு. அதுவரை தீவுக்குக் கடைத் தோட்டா போதும். உன் துப்பாக்கியில் அதுவும் நகரக்கூடும், அதையும் இதேபோல் அளந்த பிறகு எடுத்துப் போ.

மடக்குவதற்கென்றே தனியாக ஒரு டையும், என் பழைய கூடு வெட்டியும் நாளை தபாலில் போடுகிறேன். பெட்டியில் இடம் மிச்சம் இருப்பதைப் பார்த்த அம்மா பருப்புப்பொடி வறுக்கத் தொடங்கிவிட்டாள். இரண்டு நீளங்களையும் குறித்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா
ஹூஸ்டன்