கண்மாய்க் கரையில் கூட நின்றவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நம் கண்மாயின் பட்டியல் இந்த வருஷமும் ஏறிவிட்டது. பறவைப் பட்டியல்களைப் பதியும் இ-பேர்டு (eBird) இணையதளத்தில் போய்ப் பார்த்தால், பார்த்தவர் என்ற இடத்தில் என் பெயர்தான் இருக்கும். அங்கே கணக்கு வைத்திருப்பவர் பெயரில்தான் பட்டியல் போகும், அது அவர்கள் ஏற்பாடு. ஆனால் அதில் இருக்கும் எண்களில் பாதிக்கு மேல், பைனாகுலரைத் தொட்டே பார்க்காதவர்கள் தயவில் கிடைத்தவை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது.

முதல் நன்றி, மடை திறந்து வயலுக்குத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி ஐயாவுக்கு. போகிக்கு முந்தின நாள் சாயங்காலமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "கலுங்குப் பக்கம் போகாதீங்க தம்பி, அங்க ஆழம். நாமக்கோழியும் முக்குளிப்பானும்தான் கிடக்கும். ரெண்டாம் மடைக்கு எதிர்த்தாப்ல உள்வாயில சேறு தெரிய ஆரம்பிச்சிருக்கு. உங்க குச்சிக் காலு பறவையெல்லாம் அங்கதான் நிக்கும்." (கலுங்கு என்பது கண்மாயின் மிகைநீர் வெளியேறும் இடம், உள்வாய் என்பது தண்ணீர் நிற்கும் உட்பக்கம்.) அப்படியே நின்றன. பொரி உள்ளான், பவளக்காலி, நெடுங்கால் உள்ளான், எல்லாம் கணுக்கால் அளவு தண்ணீரில். வடகிழக்குப் பருவமழை முடிந்து, வயலுக்குத் தண்ணீர் போகப்போக, தை பிறக்கும் சமயத்தில் உள்வாயில் இப்படி ஒரு சேற்று விளிம்பு தெரியும். வடக்கே சைபீரியப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வரும் உள்ளான்களுக்கு அந்த விளிம்புதான் சாப்பாட்டு மேசை. எந்த மடையை எப்போது திறந்தோம், எங்கே எவ்வளவு வடிந்திருக்கும் என்பதெல்லாம் ஐயாவுக்கு மனக்கணக்கு. நான் வரைபடத்தை வைத்துக்கொண்டு முழித்திருப்பேன். காலையில் கரையிலேயே நின்று மேற்கே பார்க்கச் சொன்னதும் அவர்தான். வெயில் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் ஒவ்வொரு பறவையின் கால் நிறம்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

அடுத்து வாத்துக்காரர். அவர் வெளியூர், அறுவடை முடிந்த வயலில் வாத்துகளை மேயவிட்டுக் கிடை போட வந்தவர். எங்களுக்கு அவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. ஆனாலும் நாங்கள் எண்ணி முடிக்கிற வரைக்கும் வாத்துகளைத் தண்ணீருக்கு விடாமல் கம்பை நீட்டி மறித்து நின்றார். அத்தனை வாத்து கத்திக்கொண்டு உள்ளே இறங்கினால் அந்தப் பக்கம் நீலச்சிறகி என்கிற காட்டு வாத்து ஒன்றாவது மிஞ்சுமா? அவருடைய வாத்துகளையும் சேர்த்து எண்ண ஆரம்பித்த ஏழாம் வகுப்பு அம்மணியை நிறுத்த எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வளர்ப்பு வாத்து கணக்கில் வராது என்றதும், "அதுவும் பறவைதானே சார்" என்றாள். பதில் சொல்லத்தான் செய்தேன், ஆனால் அவள் ஒப்புக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு இந்த மடலில் பெரிய பங்கு உண்டு. பொங்கல் லீவில் விடியக்காலை எழுந்து வருவதே பெரிய விஷயம். அதிலும் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாளில், வண்டி காத்திருக்க, ஒரு சுற்று எண்ணிவிட்டுத்தான் போனார்கள். கூட்டத்தை எண்ணுவதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் அதே அளவைக் கூட்டம் முழுக்க வைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு தடவை சொன்னதும் பிடித்துக்கொண்டார்கள். சூறைக்குருவிக் கூட்டம் ஒன்று கரையைத் தாண்டிப் பறந்தபோது, முந்நூறா முந்நூற்றைம்பதா என்று இரண்டு பேருக்குள் நடந்த சண்டையை யாராவது பதிவு செய்திருக்க வேண்டும். இருவரும் தனித்தனியாக எண்ணி இவ்வளவு பக்கத்தில் வந்ததே எனக்குப் போதும் (சண்டை போட்டவர்களுக்குப் போதவில்லை).

அவர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் எல்லாம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பின்பக்க வயலில் "வேற மாதிரி ஆட்காட்டி" ஒன்று நிற்பதாகச் சொன்னான். நான் திரும்பிப் போவதற்குள் அது எழுந்து போய்விட்டது. ஆனால் அவன் நோட்டில் வரைந்து வைத்திருந்தான்: தலையும் கழுத்தும் சாம்பல், நெஞ்சில் கறுப்புப் பட்டை, மஞ்சள் அலகில் கறுப்பு நுனி, மஞ்சள் கால். ஓரத்தில், "மூக்குக்கு மேல சிவப்பு இல்லை, எப்பவும் பார்க்கிற மாதிரி கத்தவும் இல்லை" என்று ஒரு குறிப்பு வேறு. சாம்பல்தலை ஆட்காட்டி! சீனாவின் வடகிழக்கிலும் ஜப்பானிலும் குஞ்சு பொரிக்கிற பறவை. நம் பக்கம் எப்போதாவதுதான் தட்டுப்படும். பட்டியலில் ஏற்றியதும், எதிர்பார்த்தபடியே, பதிவுகளைச் சரிபார்க்கும் தன்னார்வலரிடமிருந்து விவரம் கேட்டு அஞ்சல் வந்தது. புகைப்படம் இல்லை. நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார். அதோடு, "படம் வரைந்தவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்" என்றும் எழுதியிருந்தார். சொல்லிவிட்டேன். அந்தப் பையனின் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், அதுதான் முக்கியம். முகம் தெரியாத அந்தத் தன்னார்வலருக்கும் நன்றி. பண்டிகை நாளில் ஊர் ஊராக வந்து குவியும் பட்டியல்களை உட்கார்ந்து பார்த்து, சந்தேகம் வந்தால் மரியாதையாகக் கேட்பது லேசான வேலை இல்லை.

வடக்குத் தெரு அப்பத்தா தன் வீட்டுப் புளியமரப் பொந்தைக் காட்டவில்லை என்றால் எங்கள் பட்டியலில் புள்ளி ஆந்தையே வந்திருக்காது. பட்டப்பகலில் பொந்தின் வாயில் இரண்டு உட்கார்ந்திருந்தன. எங்களைக் கண்டதும் ஒன்று உள்ளே போனது. இன்னொன்று மஞ்சள் கண்ணை உருட்டி, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆட்டிப் பார்த்தது. "ஆந்தை வீட்டில் இருந்தால் ஆகாது" என்று மரத்தை வெட்டச் சொன்னவர்களுக்கு அப்பத்தா கொடுத்த பதிலை இங்கே அச்சிட முடியாது.

கோயில் கமிட்டிக்கு. காலை நேரத்தில் குழாய் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தது நீங்களாகவே செய்தது, நாங்கள் கேட்கக்கூட இல்லை. நம் மாவட்டத்திலேயே வேட்டங்குடிக் கண்மாயை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை என்று வருஷம் தவறாமல் பத்திரிகையில் வருகிறது. வர வேண்டியதுதான். நீங்கள் குறைத்த சத்தத்தைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் வராது என்பதால் நான் எழுதி வைக்கிறேன். பூங்குருவியோ கதிர்க்குருவியோ புதருக்குள் இருந்தால் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காலைகளில் அது முடிந்தது.

டீக்கடை அண்ணன், பொங்கலன்று கடை திறந்ததற்கும் காசு வாங்க மறுத்ததற்கும் நன்றி. இரண்டாவது விஷயத்தில் எனக்குச் சம்மதம் இல்லை, வந்து பேசிக்கொள்கிறேன். பைக் கொடுத்தவர், பைனாகுலர் இரவல் தந்த பக்கத்து ஊர் நண்பர், பானையோடு கரைக்கே சர்க்கரைப்பொங்கல் கொண்டுவந்த மதினிமார், எல்லோருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

ஒருவருக்கு மட்டும் நன்றி இல்லை. பெரிய லென்ஸோடு வந்து, பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கூட்டத்துக்குள் நடந்துபோய் நத்தைக்குத்தி நாரைகளை எழுப்பிவிட்டவர். யார் என்று தெரியவில்லை. படம் நன்றாக வந்திருக்கலாம். எங்களுக்கு அன்றைக்கு நாரைக் கணக்கு வரவில்லை, அதைப் பட்டியலிலும் குறிப்பாக எழுதியிருக்கிறேன்.

2015 முதல் பொங்கல் நாட்களில் இதை நடத்திவரும் தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். குறைந்தது பதினைந்து நிமிஷம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவை எல்லாவற்றையும் எண்ணி எழுது, அவ்வளவுதான் என்று அவர்கள் விதியை எளிமையாக வைத்திருப்பதால்தான் பள்ளிப் பிள்ளையும் நீர்பாய்ச்சியும் ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. "காக்கா, மைனாவையெல்லாமா எண்ணணும்?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆமாம், எண்ண வேண்டும். அபூர்வமான பறவை வந்தால் எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். மைனா குறைந்தால் கவனிக்க ஆள் இருக்காது. ஒரு வருஷத்துக் கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதே கரையில், அதே நாட்களில், அதே மாதிரி எண்ணிக்கொண்டே வந்தால்தான் கூடியதும் குறைந்ததும் தெரியும். அதனால் அடுத்த தைக்கும் உங்கள் எல்லோரையும் தொந்தரவு செய்வேன்.

பட்டியலின் நகல் ஒன்று பள்ளி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது, இன்னொன்றை ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். அப்புறம், ரெண்டாம் மடைப் பக்கம் யாரோ விட்டுப்போன நீலத் தண்ணீர் பாட்டிலும் ஒற்றைச் செருப்பும் என் வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.

அன்புடன்,
கரையில் நோட்டோடு நின்றவன்