ஐந்தரைக்குக் கீழே என்றால் நிம்மதியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் வீக்கம் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையில், அதன் குறுக்களவு "ஐந்தரை சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் நிம்மதியாக இருக்கலாம்" என்று ஒரு வரி. என் அண்ணனும் நிம்மதியாகத்தான் இருந்தார். எக்கோ ஸ்கேனில் 4.7. அந்த ரிப்போர்ட்டை நாலாய் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்கெல்லாம் காட்டுவார். ஒரு விடியற்காலை முதுகில் கிழிக்கிற மாதிரி வலி என்றார், ஆஸ்பத்திரி வாசலோடு சரி. மகாதமனிதான் கிழிந்திருந்தது.

சின்ன வீக்கமெல்லாம் கிழியும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலானவை கிழிவதே இல்லை. ஆனால் 2007இல் வெளிவந்த ஆய்வில், இதயத்தை ஒட்டிய பகுதி கிழிந்து வந்த 591 பேரில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பேருக்கு அளவு ஐந்தரைக்குக் கீழேதான். தங்களுக்குத் தெரியாததா? அமெரிக்க இதய சங்கங்களே 2022இல், அனுபவமுள்ள இடமாக இருந்தால் ஐந்திலேயே அறுவை சிகிச்சையை யோசிக்கலாம் என்று இறங்கி வந்துவிட்டன.

ரத்த ஓட்டத்தையே காட்டும் நான்கு பரிமாண எம்ஆர்ஐ என்று முக்கால் பக்கத்துக்குக் கலர் படம் போட்டீர்கள், அழகாகத்தான் இருந்தது. எப்படி அளப்பது என்று ஒரு வார்த்தை உண்டா? வாழைக்காயைச் சாய்த்து நறுக்கினால் வில்லை பெரிதாகத்தான் விழும், குழாயும் அப்படித்தான், நேர்குறுக்காக அளக்க வேண்டும். இதயத்தை ஒட்டிய இடம் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும், ஈசிஜியோடு சேர்த்து எடுக்காத சிடி ஸ்கேனில் அங்கே படம் கலங்கிவிடும். அண்ணனுக்கு இரண்டு வருடம் முன்பு எடுத்த சிடியில் 4.0, அந்தத் தகடு பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடந்தது. யாரும் கேட்கவில்லை. சிடியையும் எக்கோவையும் ஒப்பிட முடியாது என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். சரி, அப்போது இன்னொரு சிடி எடுக்கச் சொல்லியிருக்கலாமே?

மொரீஷியஸ்காரர்களுக்குத் தமிழ் வாசிக்க வராது என்று முன்பு ஒருமுறை எழுதினீர்கள். முப்பது வருடம் இங்கே பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். 1998இல் எங்கள் மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் மொழி வரிசையில் தமிழைக் கீழே இறக்கியபோது அந்த நோட்டையே திரும்பப் பெற வைத்தவர்கள் நாங்கள். உங்கள் அந்த வரிக்கு நான் எழுதிய பதிலை நீங்கள் போடவில்லை.

நான் கேட்பது இரண்டு வரி. பழைய ஸ்கேன் தகட்டைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று டாக்டரைக் கேட்கச் சொல்லுங்கள். இடமில்லை என்று கடிதத்தைச் சுருக்கினாலும், அந்த 4.7ஐ மட்டும் வெட்டாதீர்கள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ்ஹில், மொரீஷியஸ்