பத்துத் தடைகளும் ஒரு தேர்வும்: ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பயிற்சியாளர் அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், விடுதித் தோழியருக்கும் வணக்கம்.

பருவத் தேர்வுகளும் கல்லூரிகளுக்கு இடையிலான தடகளப் போட்டியும் ஒரே மாதத்தில் வந்து நின்றபோதும், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் இறுதிச் சுற்றுவரை சென்று, எந்தத் தாளையும் நிலுவையில் வைக்காமல் இந்தப் பருவத்தை முடித்திருக்கிறேன். இதை என் உழைப்பு மட்டுமே என்று சொல்லிக்கொள்வது நியாயமாகாது.

தேர்வு முடியும்வரை மைதானத்துக்கு வரவில்லை என்று நான் சொன்னபோது பயிற்சியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓடும் தூரத்தை ஏறக்குறையப் பாதியாக்கினார். வேகத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 1954 மே 6 அன்று ஒரு மைல் தூரத்தை 3 நிமிடம் 59.4 விநாடியில் ஓடி, முதன்முதலாக நான்கு நிமிடத்துக்குள் முடித்த பிரிட்டிஷ் வீரர் ரோஜர் பானிஸ்டர் அப்போது மருத்துவ மாணவர் என்பதையும், மதிய இடைவேளைகளில் பயிற்சி செய்தவர் என்பதையும் வழக்கம்போல எடுத்துச் சொன்னார். (இதை அவரிடம் கேட்காத மாணவர் எங்கள் அணியில் எவரும் இல்லை.) இரவு முழுவதும் கண்விழித்துப் படித்துவிட்டு வந்தவர்களைத் தடைகளின் பக்கமே விடமாட்டார். உறக்கம் கெட்டால் கால் எழுவது ஒரு கணம் பிந்தும், 76.2 செ.மீ. உயரத் தடைக்கு அந்த ஒரு கணமே போதும். படித்தது மனத்தில் படிவதற்கும் உறக்கம்தான் வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார். அப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வந்தது.

என் அறைத்தோழிக்குத் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும். உயிர்வேதியியலில் கிளைக்கோலிசிஸ், அதாவது உயிரணுவில் குளுக்கோஸ் படிப்படியாகச் சிதையும் முறை, எனக்குப் பிடிபடவே இல்லை. அதில் பத்து வினைகள், என் ஓட்டத்தில் பத்துத் தடைகள் என்பதைக் கண்டு, தடைக்கு ஒரு வினையாக அட்டைகள் எழுதித் தந்தவர் அவர். அட்டையில் அந்தந்த வினையை நடத்தும் நொதியின் பெயர் இருக்கும்: முதல் தடையில் ஹெக்சோகைனேஸ், மூன்றாவதில் பாஸ்போபிரக்டோகைனேஸ், பத்தாவதில் பைருவேட் கைனேஸ். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பின் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் இடைவெளியில், அட்டையை என்னிடம் காட்டாமல் "ஏழாவது என்ன?" என்று கேட்பார், நான் சொல்லும்வரை தண்ணீர் புட்டியைத் தரமாட்டார். வியர்வை பட்டு மை கரைந்ததும் எல்லா அட்டைகளையும் பென்சிலால் மறுபடி எழுதினார். அவருக்கும் அதே வாரத்தில் தேர்வு இருந்தது. திரும்பத் திரும்ப வாசிப்பதைவிடப் புத்தகத்தை மூடிவைத்து நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பதே நீண்ட நாள் நிற்கும் என்பதை நான் அவரிடம்தான் கற்றேன்.

தகுதிச் சுற்று நாளில் செய்முறைத் தேர்வு அமைந்துவிட்டபோது, துறைத்தலைவர் என்னை வேறொரு குழுவுக்கு மாற்றி உதவினார். பதிவேடு முழுமையாக இருந்தால்தான் மாற்றம் என்று நிபந்தனை விதித்தார். மதிப்பெண்ணில் எந்தச் சலுகையும் தரவில்லை. அந்தக் கண்டிப்புக்காகவே அவருக்கு மற்றொரு முறை நன்றி கூறுகிறேன்.

அதிகாலையில் ஆய்வகத்தைத் திறந்து வைத்த உதவியாளருக்கும், பயிற்சி முடிந்து தாமதமாக வந்த நாள்களில் எனக்கென உணவை எடுத்து வைத்த விடுதித் தோழியருக்கும் கடமைப்பட்டுள்ளேன். அந்த அட்டைகளை முதலாம் ஆண்டில் தடை தாண்டும் தங்கையிடம் அறைத்தோழியின் அனுமதியோடு கொடுத்திருக்கிறேன்; அடுத்த பருவத்தில் அவருக்கும் இதே பாடம் வருகிறது.

நன்றியுடன்,
இறுதியாண்டு மாணவி, தடகள அணி