கெச்சுவாவும் நம் துறையின் மொழிதான்

மதிப்பிற்குரிய முனைவர் பட்டக் குழுவினருக்கு,

வணக்கம். மொழித் தேர்வைக் கெச்சுவாவில், அதாவது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டுப் பூர்வகுடி மொழியில், எழுத அனுமதி கேட்டுப் போன மாதம் நான் கொடுத்த விண்ணப்பத்துக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. மொழித் தேர்வுக்குப் போர்த்துகீசியம், பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன் ஆகியவற்றில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டுமாம்; கெச்சுவா பட்டியலில் இல்லையாம். அந்தப் பட்டியலை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஸ்பானிஷில் எழுதியதைத் தனியே கொடுத்திருக்கிறேன். ஊரிலிருந்து இந்தப் படிப்புக்கு விண்ணப்பம் போடும் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று இதைத் தமிழில் எழுதுகிறேன்.

நம் துறையின் பெயரிலேயே 'மொழிகள்' என்று பன்மையில்தான் இருக்கிறது. தகுதித் தேர்வுக்கான வாசிப்புப் பட்டியலில் குவாமான் போமாவும் இருக்கிறார். பெருவின் மலைநாட்டுப் பூர்வகுடிக்காரர். காலனி ஆட்சியின் கொடுமைகளையெல்லாம் சொல்லி, 1615 வாக்கில் ஸ்பெயின் அரசர் மூன்றாம் பிலிப்புக்கு மடல் எழுதினார். ஏறக்குறைய 1,200 பக்கம், கிட்டத்தட்ட 400 படம். அந்தக் கையெழுத்துப் பிரதி 1908-இல்தான் கோபன்ஹேகனின் அரச நூலகத்தில் ஆய்வாளர் கண்ணில் பட்டது.

அவர் ஸ்பானிஷில் எழுதிக்கொண்டே போகிறார். பாட்டும் பிரார்த்தனையும் வரும்போது கெச்சுவாவுக்கு மாறிவிடுகிறார். வகுப்பில் நாம் அந்த வரிகளைத் தாண்டி அடிக்குறிப்புக்குப் போய்விடுகிறோம். அவருடைய ஸ்பானிஷை ஒரு காலத்தில் பிழையான ஸ்பானிஷ் என்றுகூடச் சொன்னார்கள். உள்ளே ஓடுவது கெச்சுவாவின் நடை என்பது அந்த மொழி தெரிந்தவருக்குத்தானே புரியும்?

இரண்டு கோடை விடுமுறைகளில் பெருவின் குஸ்கோ நகரில் தங்கி அந்த மொழியைக் கொஞ்சம் கற்றேன். ஒருநாள், குவாமான் போமா லிமாவுக்குப் போனார் என்று கெச்சுவாவில் சொன்னேன். "நீ கூட இருந்து பார்த்தாயா?" என்று கேட்டார் ஆசிரியை. நேரில் அறிந்ததற்கு ஒரு விகுதி, பிறர் சொல்லக் கேட்டதற்கு வேறொரு விகுதி. நான் முதலாவதைப் போட்டிருந்தேன். தமிழில் 'போனார்' என்பதற்கும் 'போனாராம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு போலத்தான். அன்றைக்குத்தான் எனக்கு வாரோசிரி கையெழுத்துப் பிரதி விளங்கியது. 1600-களின் தொடக்கத்தில் கெச்சுவாவில் எழுதப்பட்ட அந்தத் தொன்மக் கதைகள் பெரும்பாலும் இந்த 'ஆம்' போட்டே நகர்கின்றன. ஸ்பானிஷில் 'சொல்கிறார்கள்' என்று தனியாக எழுத வேண்டும். விட்டுவிட்டால், கதை சொன்னவர் எதற்குப் பொறுப்பேற்றார், எதற்கு ஏற்கவில்லை என்பதே மறைந்துவிடும். இதைத் தெரியாமல் அந்த நூலைப் பற்றி ஆய்வேடு எழுதுவது சரியா?

கெச்சுவா பல்கலைக்கழகத்துக்குப் புதிய மொழியும் அல்ல. பெருவின் தலைநகர் லிமாவிலுள்ள சான் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தில் 1579-லேயே அதற்கு ஓர் இருக்கை இருந்தது. ஸ்பெயின் ஆட்சியை எதிர்த்து எழுந்த தூபாக் அமாரு கிளர்ச்சிக்குப் பிறகு, 1784-இல் அதை மூடினார்கள். அதே சான் மார்க்கோஸில் 2019-இல் ஒரு முனைவர் பட்ட ஆய்வேடு முழுக்கக் கெச்சுவாவிலேயே எழுதி வாதிடப்பட்டது. அங்கே பட்டமே வாங்கலாம். இங்கே மொழித் தேர்வுக்குக்கூட ஆகாது என்றால் மனம் கேட்கவில்லை.

போர்த்துகீசியத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை. பிரேசில் இலக்கியம் படிப்பவருக்கு அது கட்டாயம் வேண்டும். காலனிக் காலத்தை எடுப்பவர் கெச்சுவாவிலோ, மெக்சிகோவின் பூர்வகுடி மொழியான நாவாட்டலிலோ தேர்வு எழுதினால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன். அப்புறம், கெச்சுவா பேசிப் பிறந்து வளர்ந்த ஒருவரை, அதைக் கற்பிக்க, மற்ற ஆசிரியர்களுக்குத் தரும் அதே சம்பளத்தில், முழு ஆண்டுக்கும் நியமியுங்கள். மூன்று வாரப் பட்டறை போதாது. இரண்டு கோடைக்குப் பிறகும் நான் விகுதியில் தடுமாறுகிறேன்.

என் தேர்வை நான் பிரெஞ்சிலேயே எழுதிவிடுவேன், அது பரவாயில்லை. அடுத்த செப்டம்பரில் புதிய மாணவர்கள் சேர்வதற்குள் இதை முடிவு செய்ய வேண்டும். அடுத்த கூட்டத்தில் பேச எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் ஆண்டு முனைவர் பட்ட மாணவி