பேர் தெரியாத கிருமிக்கு இன்னொரு கோர்ஸ் வேண்டாம்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் நீ "திரும்பவும் அதேதான்மா" என்று ஆரம்பித்தபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் பேச்சை மாற்றினேன். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம், எழுதினால் நீயும் இரண்டு தடவை படித்துக்கொள்ளலாம். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. நீ சொல்லச் சொன்னால் தவிர சொல்லவும் மாட்டேன்.

நீ சொன்னதை வரிசையாக எழுதிப் பார்த்தேன். முதலில் சிறுநீர் போகும்போது எரிச்சலும், அந்த இடத்தில் கசிவும் வந்தபோது மருந்துக்கடையில் கேட்டு சிப்ரோஃப்ளாக்சசின் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாய். கொஞ்சம் அடங்கியது, திரும்ப வந்தது. அப்புறம் வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை, எடுத்தார்கள், "வளர்ச்சி இல்லை" என்று ரிப்போர்ட் வந்தது. இருந்தாலும் அசித்ரோமைசின் ஒரு கிராம் ஒரே வேளையாகக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் சரியாக இருந்தது, திரும்ப வந்தது. அடுத்து யாரோ ஒரு டாக்டர் உன்னை நேரில் பார்க்காமல் போனிலேயே செஃபிக்சிம் எழுதிக் கொடுத்தார். இத்தனை மாத்திரை உள்ளே போயிருக்கிறது. ஆனால் உன் உடம்பில் இருக்கிற கிருமி எது என்று இதுவரை ஒருவருக்கும் தெரியாது. உனக்கு இது வந்ததைப் பற்றி நான் பெரிதாகக் கலங்கவில்லை. பேர் தெரியாமல் மருந்து போய்க்கொண்டே இருப்பதுதான் என்னைத் தூங்க விடவில்லை.

அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டை நம்பி "தொற்று இல்லை" என்று நினைக்காதே. யூரின் கல்ச்சருக்கு முதலில் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்கள். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது சரியான முறை. உனக்குக் கோளாறு இருப்பது சிறுநீர் வெளியே வரும் குழாயில். அங்கே ஒட்டியிருக்கிற கிருமியைக் கழுவிக்கொண்டு வருவது முதலில் வரும் சிறுநீர். அதைத்தான் கீழே விட்டிருப்பாய். நடுவில் வந்ததைப் பிடித்து, அதையும் சாதாரணக் கல்ச்சர் தட்டில் தடவினால் என்ன தெரியும்? உடலுறவில் பரவுகிற கிளமிடியா என்ற கிருமி அந்தத் தட்டில் வளரவே வளராது. மைக்கோபிளாஸ்மாவும் வளராது. வேலையில் இருந்த காலம் முழுக்க இந்த ஒரு விஷயத்தை லேப் ஜன்னலில் நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இப்போது செய்ய வேண்டியது. முதலில், எந்த ஆன்டிபயாடிக் மாத்திரையும் போடாதே. ஆன்டிபயாடிக் உள்ளே இருக்கும்போது மாதிரி எடுத்தால் கிருமி இருந்தும் இல்லாதது போலக் காட்டலாம். காய்ச்சல், விரையில் வலி அல்லது வீக்கம் வந்தால் மட்டும் காத்திருக்காதே, அன்றைக்கே டாக்டரைப் பார்.

நீ சென்னையில் இருப்பது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற அரசு பொது மருத்துவமனையில் பால்வினை நோய்க்கென்றே தனி நிலையம் இருக்கிறது, மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தது. காலை ஓ.பி.யில் சீட்டு போட்டுக்கொள். கூட்டமாக இருக்கும், லீவு எடுத்துக்கொண்டு போ. தனியார் டாக்டர்தான் வேண்டும் என்றால் தோல் மற்றும் பால்வினை நோய் படித்தவரிடம் போ. எங்கே போனாலும் குறைந்தது ஒரு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் போக வேண்டும், இரண்டு மணி நேரம் என்றால் இன்னும் நல்லது.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனால் நீ அங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிறுநீர்க் குழாயில் கசிவு என்று வருகிறவர்களுக்கு சாம்பல் நிறத்தில் ஒரு மருந்துப் பொட்டலம் கொடுப்பது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் நெடுநாள் வழக்கம். அதில் அசித்ரோமைசின் ஒரு கிராமும் செஃபிக்சிம் 400 மில்லிகிராமும் இருக்கும். முதல் தடவை வருகிறவருக்கு அது நல்ல ஏற்பாடு, வெட்டை நோயையும் (கொனோரியா) கிளமிடியாவையும் ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று வைத்தது. நீ அந்த இரண்டையும் ஏற்கெனவே சாப்பிட்டாகிவிட்டது. அதை வாயைத் திறந்து சொல். எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய்க் காட்டு.

அங்கே முதலில் ஒரு ஸ்மியர் எடுப்பார்கள். கசிவைக் கண்ணாடி வில்லையில் தடவி, கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. சில நிமிட வேலைதான், ஆனால் நிறையச் சொல்லும். சீழ் அணுக்களுக்குள்ளே சிவப்பாக இரண்டிரண்டாகக் கிருமி தெரிந்தால் அது வெட்டை. அப்படியானால் கல்ச்சரும் போடச் சொல்லிக் கேள், ஏனென்றால் வெட்டைக் கிருமி ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்துக்கொண்டே வந்திருக்கிறது. நீ முதலில் சாப்பிட்ட சிப்ரோஃப்ளாக்சசின் அதற்கு எடுபடாமல் போய் எவ்வளவோ காலமாகிறது. இப்போது முக்கியமாக செஃப்ட்ரியாக்சோன் ஊசியை நம்பித்தான் இருக்கிறார்கள். டிரைக்கோமோனாஸ் என்று இன்னொன்று, அதற்குச் சொட்டு காய்வதற்குள் உடனே பார்க்க வேண்டும். அது நீந்திக்கொண்டிருக்கும்போதுதான் அடையாளம் தெரியும், நின்றுவிட்டால் சீழ் அணு மாதிரியே கிடக்கும்.

சீழ் அணு இருக்கிறது, வெட்டைக் கிருமி இல்லை என்று வந்தால்? எனக்கு அப்படித்தான் வரும் என்று தோன்றுகிறது. நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்ற கிருமி மேல் எனக்குச் சந்தேகம். 1980-ல் லண்டனில், உன்னைப் போலவே சிறுநீர்க் குழாய் அழற்சியோடு வந்த இரண்டு ஆண்களிடமிருந்துதான் அதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். கல்ச்சரில் வளர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதனால் பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை இல்லாமல் அதைக் கண்டுபிடிக்க முடியாது. பென்சிலின், செஃபிக்சிம் வகை மருந்தெல்லாம் பாக்டீரியாவின் செல்சுவரை உடைத்துக் கொல்பவை. இந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. சுவரே இல்லாத வீட்டில் எதை இடிப்பது? நீ சாப்பிட்ட செஃபிக்சிம் இதை ஒன்றும் செய்திருக்காது.

அசித்ரோமைசின் கதை இன்னும் மோசம். அது இதைக் கொல்லும், ஆனால் ஒரு கிராம் ஒரே வேளையாகக் கொடுத்தால் சில பேருக்கு எல்லாம் சாகாது, மிஞ்சுவது அந்த மருந்துக்கு அசையாததாக இருக்கும். இரண்டு வாரம் நன்றாக இருந்துவிட்டுத் திரும்ப வந்தது என்று நீ சொன்னதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. நான் டாக்டர் இல்லை, லேபில் இருந்தவள். என் சந்தேகத்தை வைத்து நீயாக மருந்து வாங்கிவிடாதே. டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது என்று மட்டும் எடுத்துக்கொள்.

பெரிய தனியார் லேப்களில் ஏழு கிருமிகளை ஒரே மாதிரியில் தேடுகிற பி.சி.ஆர். உண்டு. விலை கூடத்தான், பணம் நான் அனுப்புகிறேன். முதலில் வரும் சிறுநீரைப் பிடி, அதுவும் 20, 30 மில்லி போதும், டப்பாவை நிரப்பாதே. ரிப்போர்ட் வந்ததும் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறாதே. அந்த ஏழில் யூரியாபிளாஸ்மா பார்வம், மைக்கோபிளாஸ்மா ஹோமினிஸ் என்பவையும் இருக்கும். ஒரு கெடுதலும் செய்யாமல் நல்ல ஆரோக்கியமானவர்களிடமும் குடியிருப்பவை அவை. அதற்கெல்லாம் மருந்து சாப்பிட ஆரம்பித்தால் முடிவே இராது. வெட்டை, கிளமிடியா, ஜெனிடாலியம், டிரைக்கோமோனாஸ் இந்த நான்கில் எது இருக்கிறது என்பதுதான் உனக்கு வேண்டியது.

ஜெனிடாலியம் என்றே வந்தால், இப்போதைய முறை இரண்டு கட்டம். முதலில் ஒரு வாரம் டாக்சிசைக்ளின். அது தனியாக மூன்றில் ஒரு பங்கு பேரைத்தான் குணமாக்கும், ஆனால் கிருமியின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். அதன் பிறகு, அசித்ரோமைசின் எடுபடுகிற வகை என்றால் அதை நான்கு நாளாகப் பிரித்துக் கொடுப்பார்கள். எடுபடாத வகை என்றாலோ, எடுபடுமா என்று பார்க்கும் சோதனைக்கே வசதி இல்லை என்றாலோ, மாக்ஸிஃப்ளாக்சசின் ஒரு வாரம். உனக்கு மருந்து எழுதும்போது முன்பே அசித்ரோ சாப்பிட்டதை மறக்காமல் ஞாபகப்படுத்து. மாக்ஸிஃப்ளாக்சசின் இதயத் துடிப்பையும் தசைநாண்களையும் தொந்தரவு செய்யக்கூடிய மருந்து, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்பதையும் சொல்லிவிடு. டாக்சிசைக்ளின் போடும்போது நிறையத் தண்ணீர் குடி, போட்டவுடன் படுக்காதே. படுக்கையில் உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை விழுங்குகிறவன் நீ, உணவுக்குழாய் புண்ணாகிவிடும். ஜெலூசில் மாதிரி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் அதோடு சேரக்கூடாது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றி. நீ அவளைப் பற்றிச் சொன்னபோது நான் பேசாமல் இருந்ததை வைத்து எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. அவளுக்கு இது தெரியுமா என்பதுதான் அப்போது என் மனசில் ஓடியது. தம்பி, அவளிடம் இன்றே சொல். கிளமிடியாவும் ஜெனிடாலியமும் பெண்களிடம் பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாமலே இருக்கும். வெளியே தெரியாமல் மேலே ஏறி கருப்பையையும் கருக்குழாயையும் பிடிக்கலாம். பின்னால் குழந்தை தங்காமல் போவதற்கும், கரு குழாயிலேயே தங்கிவிடுவதற்கும் இதெல்லாம் காரணமாகிறது. உனக்கு எரிச்சல் காட்டிக்கொடுத்துவிட்டது, அவளுக்குக் காட்டிக்கொடுக்க ஒன்றும் இல்லை. அதனால் உன் உடம்பைவிட அவள் உடம்பைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் பயம்.

பெண்களுக்குச் சிறுநீரைவிட யோனியில் பஞ்சுக் குச்சியால் எடுக்கும் ஸ்வாப்தான் நன்றாகக் காட்டும். அதை அவளே எடுத்துக்கொள்ளலாம், யாரும் பரிசோதிக்க வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்க வாய்ப்பு இருந்தால் அதை முதலில் டாக்டரிடம் சொல்ல வேண்டும், டாக்சிசைக்ளினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் அப்போது கூடாது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மருந்தை முடிக்க வேண்டும். முடித்து, அறிகுறியும் போகும்வரை சேரக்கூடாது, ஆணுறையோடுகூட வேண்டாம். நீ மட்டும் சாப்பிட்டால் அவளிடமிருந்து உனக்கே திரும்பும், இதுவரை நடந்ததுகூட அதுவாக இருக்கலாம்.

யார் யாருக்குக் கொடுத்தது என்ற விசாரணையை மட்டும் ஆரம்பிக்காதே. இந்தக் கிருமிகள் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் உடம்பில் இருக்கும், உங்கள் பழக்கத்துக்கு முன்னாலேயே யாரிடமாவது இருந்திருக்கலாம். எந்த லேப் ரிப்போர்ட்டும் அதைச் சொல்லாது. கணவன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியை ஆஸ்பத்திரி வராண்டாவில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். என் பிள்ளை ஒரு பெண்ணை அப்படி நிற்க வைக்கக்கூடாது.

அதே நாளில் ரத்தமும் கொடுத்துவிடு. வி.டி.ஆர்.எல். (சிபிலிஸுக்கான சோதனை), எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி. அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், முன்னும் பின்னும் ஆலோசகர் உட்கார்ந்து பேசுவார். சந்தேகம் கேட்க 1097 என்ற இலவச எண் இருக்கிறது. எச்.ஐ.வி. முடிவை சில விதிவிலக்குகள் தவிர உன் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்லக்கூடாது என்று 2017-ல் சட்டமே வந்துவிட்டது. மூன்று மாதம் கழித்து அதை ஒரு தடவை திரும்பப் பார்த்துக்கொள்.

உன் உண்மையான பெயரையும் போன் நம்பரையும் கொடு. வெட்கப்பட்டுப் பொய்ப் பெயரில் சீட்டு போட்டவர்கள் எத்தனையோ பேர். ரிப்போர்ட் தயாராகி லேப் டிராயரில் கிடக்கும், கூப்பிட ஆள் இருக்காது. 1986-ல் இதே மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவியும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் ஊரெல்லாம் பரவிய பயத்தில் எத்தனை பேர் சோதனைக்கே வராமல் போய்ச் சேர்ந்தார்கள் என்று யோசித்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பஸ் ஸ்டாண்டு சுவரில் "வெட்டை, மேகம், ரகசிய நோய், ஒரே வாரத்தில் குணம், லாட்ஜ் ரூம் நம்பர்" என்று ஒட்டியிருப்பார்களே, அந்தப் பக்கம் போகாதே. பால்வினை நோய்க்கு மருந்து என்று விளம்பரம் செய்வதே 1954-ல் வந்த சட்டப்படி குற்றம். ஒட்டுகிறவன் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறான். இப்போது அதே ஆட்கள் போனுக்குள்ளும் வந்துவிட்டார்கள்.

மருந்து முடிந்ததும் பயத்தில் மறுநாளே பி.சி.ஆர். எடுக்காதே. செத்த கிருமியின் மிச்சத்தையும் அது பிடித்து "இருக்கிறது" என்று சொல்லிவிடும். மூன்று வாரமாவது போகட்டும். கிளமிடியா, வெட்டை என்று வந்திருந்தால் மூன்று மாதத்தில் இன்னொரு தடவை பார்க்க வேண்டும், அது திரும்பத் தொற்றியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எல்லாம் சுத்தம், சீழ் அணுவும் இல்லை என்று வந்தபிறகும் லேசாக எரிச்சல் இருந்தால் ஆன்டிபயாடிக்கை அத்தோடு நிறுத்து. இடுப்பின் அடித்தளத் தசை இறுகுவதாலும் இப்படி இருக்கும், அதற்கு வைத்தியம் வேறு. தினமும் பிதுக்கிப் பிதுக்கிப் பார்ப்பதையும் விட்டுவிடு, அதுவே புண்ணாக்கும்.

திங்கட்கிழமை போய்விடு, தள்ளிப்போடாதே. ஸ்மியரில் என்ன வந்தது என்று ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு, என்னோடு வேலை பார்த்தவர்களிடம் உன் பேர் சொல்லாமல் கேட்டுச் சொல்கிறேன். கூட வர ஆள் வேண்டும் என்றால் சொல், ஞாயிறு ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன். அப்பாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெண் வருவதாக இருந்தால், அவளுக்கு விருப்பம் இருந்தால் மட்டும், என் நம்பரை அவளுக்குக் கொடு.

அம்மா